தயிர் கொஞ்சம் கெட்டி

நானூறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிற மனிதனின் மகள் சாப்பிட மாட்டேன் என்றால் ஊர் என்ன செய்யும்? சிரிக்கும். சிரித்தது. முகத்துக்கு நேராக இல்லை, அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது. தொழிற்சாலை கேன்டீனில் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் "மாஸ்டர், பாப்பா எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். பதில் வருவதற்குள் "இன்னும் ஒரு கரண்டி போடுங்க" என்பார்கள். மாஸ்டர் இன்னும் ஒரு கரண்டி போடுவார். அவருக்குக் கோபமும் வராது, வருத்தமும் வராது. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் எப்படி இருக்குமோ, இப்போது எல்லாமே அவருக்கு அப்படித்தான் இருந்தது.

மகளுக்குப் பத்தொன்பது வயது. சின்ன வயதில் கேன்டீனுக்கு வந்தால் தட்டைக் கழுவி வைத்தது போல வழித்துச் சாப்பிடுவாள். பாத்திரம் கழுவுகிறவர் அவளுக்குத் 'தட்டுக்காலி' என்று பட்டமே வைத்திருந்தார். அதே பெண் எந்த மாதத்தில், எந்தக் கிழமையில் முதல் தட்டைத் தள்ளி வைத்தாள் என்று கேட்டால் மாஸ்டருக்குத் தெரியாது. விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டப் போகிறவருக்கு வீட்டில் யார் என்ன தின்றார்கள் என்று எப்படித் தெரியும்? எண்ணெய் வேண்டாம் என்றாளாம். அப்புறம் இனிப்பு வேண்டாம் என்றாளாம். அப்புறம் பசியே இல்லை என்றாளாம். ஒரு நாள் கல்லூரி மாடிப்படியில் சுருண்டு விழுந்தபோதுதான் எல்லாருக்கும் கண் திறந்தது. ஆறு வாரம் மருத்துவமனை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார்.

"சனிக்கிழமை தவறாம எடை பாக்கக் கூட்டிட்டு வரணும். இறங்கிச்சுன்னா திரும்ப வார்டுதான். இந்தத் தடவை இதயம் தாங்கிடுச்சு. அடுத்த தடவைக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது" என்றார். பிறகு மாஸ்டரை மட்டும் பார்த்து, "நீங்க சமையல்காரர்னு சொன்னாங்க. அதனால உங்ககிட்ட தனியா சொல்றேன். அவளுக்குத் தெரியாம எதையும் கலந்து குடுக்காதீங்க. ஒரு வாய் சாப்பிட்டாலும் அவளா சாப்பிடணும். ஒரே ஒரு தடவை கண்டுபிடிச்சான்னா, அப்புறம் தண்ணியக்கூட சந்தேகப்படுவா" என்றார்.

மாஸ்டர் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன செலவா ஆகிறது?

வீட்டுக்கு வந்த மகள் காலையில் ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டாள். மத்தியானம் அரைக் கிண்ணம் சூப். இரண்டையும் மாத்திரை விழுங்குவது போல விழுங்கினாள். அவளாக வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சாயங்காலத்துக்குப் பச்சை சாலட். கொழுப்பு எடுத்த தயிரில் எலுமிச்சையும் ஆரஞ்சும் பிழிந்து அடித்த டிரெஸ்ஸிங் அதன் மேல். வார்டில் ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தாளாம். கேட்டதும் மாஸ்டரின் மனைவி அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். மகள் ஒன்றைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இலை தின்பதெல்லாம் சாப்பாடா என்று அவருக்கு மனசுக்குள் ஒரு இளக்காரம் இருந்தாலும், செய்ய ஆரம்பித்துவிட்டால் தொழில் தொழில்தானே. லெட்யூஸையும் இளங்கீரையையும் கழுவுவது பெரிய வித்தை இல்லை, காய வைப்பதுதான் வித்தை. இலையில் ஈரம் இருந்தால் டிரெஸ்ஸிங் ஒட்டாது, வழுக்கிப் போய் அடியில் தேங்கும். மாஸ்டர் இலைகளை மெல்லிய துணியில் முடிந்துகொண்டு பால்கனிக்குப் போய்க் கையைச் சுழற்றுவார். கீழ்வீட்டுக்காரர், "மேல என்ன, மழையா?" என்று கத்துவார். வெள்ளரிக்காயைத் தோலோடு வட்டம் வட்டமாகச் சீவி, பச்சைக் குடமிளகாயை நரம்பெடுத்து மெல்லிசாக அரிந்து, இலையைக் கத்தி படாமல் கையால் கிள்ளிப் போடுவார். கத்தி பட்ட இலை ஓரம் கறுத்துவிடும்.

டிரெஸ்ஸிங்கை மட்டும் கேன்டீனிலேயே செய்து பாட்டிலில் கொண்டு வருவார். மூன்று மணிக்கு மேல் அங்கே ஈ காக்கை இருக்காது. மகள் கொடுத்துவிட்ட தயிர் டப்பாவும் அங்கேதான் இருந்தது, கேன்டீனின் கிரீம் டப்பாவும் அங்கேதான் இருந்தது. இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜில், ஒரே அடுக்கில், பக்கத்தில் பக்கத்தில்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சொன்னவர் சமையல்காரராக இருந்திருக்க மாட்டார். சமையல்காரன் மனசு வைத்தால் பூசணிக்காய் என்ன, பூசணித் தோட்டத்தையே மறைப்பான். முதல் நாள் தயிரில் ஒரு ஸ்பூன் கிரீமைக் கலந்தார். மூன்றாம் நாள் பாதிக்குப் பாதி. ஐந்தாம் நாள் தயிர் வாசனைக்கு மட்டும். கிரீமில் எலுமிச்சையை நேராகப் பிழிந்தால் திரிந்து மானத்தை வாங்கிவிடும் என்பதால், ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டு, உப்பும் மிளகுத்தூளும் துளி கடுகு விழுதும் சேர்த்து, சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி ஒரே பக்கமாக அடிப்பார். குற்றம் செய்கிறோம் என்ற நடுக்கம் கையில் வர வேண்டுமே? வரவில்லை. கை அதுபாட்டுக்கு அடித்தது.

மகள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "என்னப்பா, இன்னிக்கு ஒரு மாதிரி திக்கா இருக்கு?"

"தயிர் கொஞ்சம் கெட்டிம்மா."

அவ்வளவுதான். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவருக்கே தெரியாது. மகள் சாய்த்து ஊற்றிக் கலந்து, ஒவ்வொரு இலையாக, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

முதல் சனிக்கிழமை டாக்டரம்மா கார்டைப் பார்த்து, "சபாஷ், நல்லா ஏறியிருக்கே!" என்றார். மனைவி மாஸ்டரின் கையைப் பிடித்து அழுத்தினாள். மகளின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ரத்தம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் அதில் எழுதி வைத்தாள். அவள் எழுதியபடி பார்த்தால் எடை அந்த அளவுக்கு ஏறக் கூடாது. ஏறியிருக்கிறதே! அப்படியானால்? மறுநாள் ரொட்டியைப் பாதியாக்கினாள். புதன்கிழமை ரொட்டியே இல்லை. வெள்ளிக்கிழமை சூப்பையும் நிறுத்தினாள்.

"என்னங்க இது, ஏறுச்சுன்னு சந்தோஷப்பட்டோம், இவ இருக்கறதையும் விடறாளே!" என்றாள் மனைவி. "இனிமே என்னத்த, காத்தையா குடிப்பா?"

மாஸ்டர் யோசித்தார். யோசித்து என்ன செய்தார்? ஊற வைத்த முந்திரியை மை போல அரைத்து அதையும் சேர்த்தார். புத்தி அந்தப் பக்கம்தான் ஓடியது. இரண்டாவது சனிக்கிழமை எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டாக்டரம்மா "பரவாயில்ல" என்றார். தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்பதற்கு மகளுக்கு அதுவே போதுமான சாட்சியாகிவிட்டது. ரொட்டியை விட்டும் இறங்கவில்லை, சூப்பை விட்டும் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாஸ்டர் பாட்டிலோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நோட்டு. எதிரில் சமையலறை எலக்ட்ரானிக் தராசு. அதில் ஒரு கைப்பிடி லெட்யூஸ். நிமிர்ந்து பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"அப்பா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா?"

"சொல்லு கண்ணு."

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சாப்பா?"

அவர் பாட்டிலை மேடையில் வைத்தார்.

"நான் எழுதறது எல்லாம் சரியாத்தான் இருக்கு. நாலு தடவை பாத்துட்டேன். இலையக்கூட நிறுத்துப் பாத்துட்டேன். ஒண்ணுமே திங்கல, ஆனா இறங்கல. ஒண்ணு என் உடம்பு பொய் சொல்லுது, இல்லைனா என் மூளை பொய் சொல்லுது. படிக்க உக்காந்தா எழுத்து ஓடுது. நான் நிஜமாவே சாப்பிடறேனா, சாப்பிட்டத மறந்துடறேனான்னு சந்தேகமா இருக்குப்பா. தூக்கத்துல எந்திரிச்சு எதாவது திங்கறேனா?" மூச்சு வாங்கினாள். "இந்த சாலட் ஒண்ணுதான் பயமில்லாம இறங்குது. நீங்க செய்யறதுங்கறதால. இனிமே இதையும் பாதியாக்கிடலாம்னு இருக்கேன். கோவிச்சுக்காதீங்க."

மரத்துப்போன பல்லை டாக்டர் பிடுங்கும்போது வலி தெரியாது, ஆனால் எலும்பு நெரிகிற சத்தம் மண்டைக்குள் கேட்கும். அப்படித்தான் கேட்டது மாஸ்டருக்கு. ஐயோ, இது நான் செய்த வேலையல்லவா என்று நினைத்தார். அவள் உடம்பு பொய் சொல்லவில்லை, மூளையும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்ன ஆள் பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

சொன்னால் அந்த ஒரே சாலட்டும் நின்றுவிடும். சனிக்கிழமை வார்டு. அதற்கப்புறம் என்ன என்று டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியாயிற்று. சொல்லாவிட்டாலோ, பெற்ற மகள் தனக்குப் பைத்தியம் என்று நம்பிக்கொண்டு பட்டினி கிடப்பாள். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் பள்ளம்.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. உன் நோட்டு சரிதான்" என்றார். "அது தயிர் இல்ல. கிரீம். மொத நாள்லேர்ந்தே. மொத நாள்லேர்ந்தே."

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தராசிலிருந்த இலையை எடுத்துக் கூடையில் போட்டாள். தராசை அணைத்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

புதன்கிழமை முழுவதும் தண்ணீர் மட்டும். அதையும் அவளே குழாயில் பிடித்துக்கொண்டாள். அம்மா மூடி வைத்திருந்த ஜக்கைத் தொடவில்லை. டாக்டரம்மா வாய் முகூர்த்தம் அப்படி.

மனைவி சீருடை தைக்கிற கடையில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு வீட்டு மெஷினில் உட்கார்ந்து ஒரு காலரை மூன்று தடவை தைத்து மூன்று தடவை பிரித்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி வெடித்தாள்.

"அந்தம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்களே! கேட்டீங்களா? பெரிய கைமணம்! கரண்டி புடிச்சா எல்லாம் தெரியும்னு நெனப்பு! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? பாவி மனுஷா, இப்ப தண்ணிகூட நம்ம கையால குடிக்க மாட்டேங்கறாளே!"

 திடீரென்று நிறுத்திவிட்டாள். கத்தரிக்கோலை மூடி மேசைமேல் வைத்தாள்.

"உங்கள மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "போன வருஷம் மூணு தடவை அவ சட்டையெல்லாம் கொண்டாந்து, 'அம்மா, லூசா இருக்கு, புடிச்சுக் குடு'ன்னா. புடிச்சுக் குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு விரக்கடை. ஊசியும் கையுமா நின்னவ, ஏண்டி லூசாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? பொண்ணு அழகா ஒல்லியாயிட்டான்னு பெருமைதான் பட்டேன்."

  அவள் நான்காவது தடவையாக அந்தக் காலரைத் தைக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை மாஸ்டர் கேன்டீனில் டிரெஸ்ஸிங் செய்யவில்லை. வரும் வழியில் லெட்யூஸ், இளங்கீரை, வெள்ளரிக்காய், இரண்டு எலுமிச்சை, ஒரு ஆரஞ்சு, சீல் உடைக்காத கொழுப்பு எடுத்த தயிர் ஒன்று வாங்கினார். கடைசியில் சீல் உடைக்காத கிரீம் ஒன்றும் வாங்கினார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசைமேல் எடுத்து வைத்தார். அடுப்படிக்குள் போகாமல் மேசையிலேயே பலகையைப் போட்டு, மகளின் கதவைப் பார்த்தபடி வேலையை ஆரம்பித்தார். கூப்பிடவில்லை. கூப்பிட முகம் இல்லை.

ஆரஞ்சைத் துருவும்போது கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மனைவி மெஷினை நிறுத்தினாள், ஆனால் எழுந்து வரவில்லை.

"கைய மேசைக்கு மேலயே வையுங்க" என்றாள் மகள்.

வைத்தார். அவள் தயிர் டப்பாவை எடுத்து எழுத்தைப் படித்தாள், சீலை அவளே உடைத்தாள். ஸ்பூனை வாங்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கிரீம் டப்பாவையும் எடுத்துப் படித்தாள்.

"இது எதுக்கு?"

"அதுதான் இது. நான் கலந்தது."

அவள் அதைக் கீழே வைத்து, ஒரு விரலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். மாஸ்டர் தயிரில் தோல் துருவலையும் உப்பையும் மிளகையும் போட்டு, சாற்றைப் பிழிந்து அடித்தார். இருபத்தெட்டு வருஷமாக அடிக்கிற கை, ஒரு சின்னப் பெண்ணின் பார்வைக்கு முன்னால் பரீட்சை எழுதுகிற பையன் கை போலத் தடுமாறியது. இலை மேல் ஊற்றிப் புரட்டிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் தொடவில்லை. "நீங்க மொதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. விஷம் வைத்திருக்கிறானா என்று ராஜா வீட்டில் முதலில் தின்று காட்டுவார்களாமே, அது. நானூறு பேர் கேள்வி கேட்காமல் தின்கிறார்கள், பெற்ற மகள் தின்று காட்டு என்கிறாள். அவமானமாக இருந்தது. காது மடல் சுட்டது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு உடம்பில் ஏதோ ஒன்று சுடுகிறதே என்று ஒரு பக்கம் ஆச்சரியமாகவும் இருந்தது.

ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டார். அவர் மெல்வதை, விழுங்குவதை, தொண்டை அசைவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் எடுத்த அளவே எடுத்து, தண்ணீர் போல இருந்த அந்த டிரெஸ்ஸிங் சொட்ட, மூன்று இலையும் ஒரு துண்டு வெள்ளரிக்காயும் சாப்பிட்டாள். அதோடு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

நாளை மறுநாள் சனிக்கிழமை. மூன்று இலை எந்த மூலைக்கு?

இன்னொரு வாய் சாப்பிடும்மா என்று கெஞ்ச நாக்கு வரை வந்தது. கெஞ்சவில்லை. எனக்குப் பசிக்கிறது என்று தோன்றியது அவருக்கு. காலையிலிருந்து, ஏன், நேற்றிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை. நானூறு தட்டுக்கு நடுவில் அது யார் கண்ணிலும் படவில்லை, அவர் கண்ணிலேயே படவில்லை. கையை நீட்டி அந்தக் கிரீம் டப்பாவை எடுத்து, அவள் பார்க்கும்படி சீலை உடைத்தார். ஒரு ஸ்பூன் எடுத்துத் தன் தட்டிலிருந்த இலை மேல் விட்டார். புரட்டினார்.

"எனக்கு" என்றார்.

சாப்பிட்டார். புளிப்பும் ஆரஞ்சு வாசனையும் கிரீமில் சேர்ந்து இறங்கியது. நன்றாக இருந்தது. இத்தனை நாள் அவர் அதை ஒரு தடவைகூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் இலையைப் போட்டுக்கொண்டு, இன்னொரு ஸ்பூன் விட்டுச் சாப்பிட்டார். வாயோரம் ஒட்டியதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

மகள் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். 

"உங்களுக்குப் பசியாப்பா?"

"ஆமாம்மா. ரொம்ப."

அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கிரீம் டப்பாவைப் பார்த்தாள். மாஸ்டரின் கை பழக்க தோஷத்தில் ஸ்பூனோடு டப்பாவை நோக்கிப் போனது.

"நீங்க கைய எடுங்க" என்றாள்.

எடுத்தார். இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் ஸ்பூனை டப்பாவுக்குள் விட்டாள்.  எவ்வளவு எடுக்கிறாள் என்று பார்க்கக் கழுத்து தானாகத் திரும்பியது. மாஸ்டர் அதைப் பிடித்து இழுத்துவந்து ஜன்னல் பக்கம் திருப்பினார். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை, திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.